கொசஸ்தலையில் எண்ணெய்: அடுத்த முறை முதலில் யார் வருவார்கள்?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நகர மனமில்லாமல் நின்று கொட்டிக்கொண்டிருந்தது. வடசென்னையில் மின்சாரம் போய்விட்டது, கைப்பேசி வேலை செய்யவில்லை, தெருக்களில் வெள்ளம். அந்த வெள்ளத்தில் எண்ணெய் மிதப்பதை முதலில் கண்டவர்கள் எண்ணூர், எர்ணாவூர், திருவொற்றியூர் பகுதி மக்கள். தண்ணீர் வடிந்தபிறகு வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு நின்றது. பாயிலும் பாத்திரத்திலும் பிசுபிசுப்பு. மூச்சை அடைக்கும் பெட்ரோலிய நெடி. பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றுக்கு இறங்கிய எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் கட்டியிருந்த ஃபைபர் படகுகளையும் கரையில் கிடந்த வலைகளையும் மூடியது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என ஆற்றையும் கடலையும் ஒருசேர நம்பி வாழும் ஊர்கள் ஒரே இரவில் தொழிலை இழந்தன.

செஞ்சிப் பக்கம் அனந்தபுரத்திலோ திண்டிவனத்திலோ இருந்து இதைப் படிப்பவருக்கு எண்ணூர் தூரத்து ஊராகத் தோன்றலாம். ஆனால், மணலி எண்ணெயை ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்த்த அதே பக்கிங்காம் கால்வாயின் தென்முனை விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் இருக்கிறது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கி சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவந்து அந்தக் கால்வாய் முடிவது அங்கேதான். எண்ணூரில் நடந்ததையும், நடந்திருக்க வேண்டியதையும் விழுப்புரத்துக்காரர்கள் நுணுக்கமாகத் தெரிந்துகொள்ள இது ஒன்றே போதுமான காரணம்.

மணலியில் இருப்பது சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், சுருக்கமாக சிபிசிஎல். 1965-ல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ்' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம். 1969-ல் உற்பத்திக்கு வந்தது. இன்று இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம், ஆண்டுக்கு 1.05 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. தென்மாநிலங்களின் வண்டிகளும் விமானங்களும் அடுப்புகளும் இதை நம்பி இருக்கின்றன. அதன் வேலியை ஒட்டி ஓடும் கால்வாய்தான் கொசஸ்தலையாற்றுக்குப் போகிறது.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதில் முதல் சில நாள்கள் சண்டையிலேயே போயின. குழாயில் கசிவு எதுவும் இல்லை என்றது நிறுவனம். பெருமழையும் புழல் ஏரியிலிருந்து திறந்துவிட்ட உபரி நீரும் ஆலை வளாகத்தை மூழ்கடித்துவிட்டதாகச் சொன்னது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்து வேறொன்றைச் சொன்னது: ஆலையின் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை, வளாகத்தில் தேங்கிய வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து தெற்கு வாயில் வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கியிருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்த விவகாரத்தைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. டிசம்பர் 17-க்குள் எண்ணெயை அகற்றி முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தது.

இந்த இரண்டு வாதங்களில் எது சரி என்பதை விசாரணை அமைப்புகள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டுக்கும் பொதுவான ஓர் உண்மை இருக்கிறது. டிசம்பரில் சென்னையில் பெருமழை பெய்யும் என்பது யாருக்கும் புதிதல்ல. 2015-லேயே நகரம் மூழ்கிப் பாடம் படித்தது. கோடிக்கணக்கான லிட்டர் எண்ணெயைக் கையாளும் வளாகத்தில் வெள்ளம் புகுந்தால், அந்த வெள்ளம் வெளியேறும் வாயிலில் என்ன தடுப்பு இருக்க வேண்டும் என்பதை மழை தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதியதைச் செய்துபார்க்கும் ஒத்திகையும் நடந்திருக்க வேண்டும்.

வெறுங்கையும் பிளாஸ்டிக் மக்கும்

எண்ணூர் என்றதும் அந்த டிசம்பரில் நாடு முழுவதும் பரவிய படங்கள் நினைவுக்கு வரும். மீனவர்கள் படகில் குனிந்து, பிளாஸ்டிக் மக்காலும் வாளியாலும் கறுப்பு எண்ணெயை அள்ளி பேரல்களில் ஊற்றும் படங்கள். பலரது கையில் உறை இல்லை. காலில் பூட்ஸ் இல்லை. முகத்தில் கட்டியிருந்தது கைக்குட்டை.

அது எத்தனை ஆபத்தான வேலை என்பதைச் சொல்லியாக வேண்டும். எண்ணெய் நீரில் கலந்த முதல் ஓரிரு நாள்களில் அதன் லேசான பகுதிகள் ஆவியாகின்றன. பென்சீன் போன்ற நச்சு வாயுக்கள் அதில்தான் இருக்கின்றன. தலைவலி, வாந்தி, கண் எரிச்சல், தோல் அரிப்பு எல்லாம் உடனே வருபவை; பென்சீன் ரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையது என்பது மருத்துவ உலகம் பல காலமாக ஏற்றுக்கொண்ட செய்தி. துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. கரிவடிகட்டி பொருத்திய முகக்கவசம், எண்ணெய் ஊடுருவாத நைட்ரைல் கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, இவ்வளவும் இல்லாமல் ஒருவரை எண்ணெய்க்குள் இறக்கக் கூடாது. அன்றாடம் தொழிலுக்குப் போனால்தான் சோறு என்ற நிலையில் இருப்பவர், தொழில் நின்றுபோனதால் அதே ஆற்றில் எண்ணெய் அள்ளும் கூலிக்கு இறங்கினார். தங்கள் ஆற்றைத் தாங்களே சுத்தம் செய்ய அவர்கள் முன்வந்தது பெரிய மனசு. அவர்களை வெறுங்கையோடு இறக்கியது மன்னிக்க முடியாத குற்றம்.

பிறகு மும்பையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தொழில்முறை நிறுவனங்கள் வந்தன. மிதவைத் தடுப்புகள், எண்ணெய் உறிஞ்சும் இயந்திரங்கள், உறிஞ்சு லாரிகள், நூற்றுக்கணக்கான படகுகள் என வேலை சூடுபிடித்தது. கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் பறந்து பார்த்தபோது, ஆற்று முகத்துவாரத்திலிருந்து காசிமேடு வரை சுமார் 20 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் எண்ணெயின் சுவடு தெரிந்தது. பணி முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல் எண்ணெய் கலந்த நீரும், சுமார் 390 டன் எண்ணெய்க் கழிவும் அகற்றப்பட்டதாக அரசுத் தரப்பு கணக்குச் சொன்னது. கரைக் கற்களிலும் அலையாத்திச் செடிகளிலும் படிந்த எண்ணெய் அப்படியே கிடக்கிறது என்று மீனவர்கள் அதற்குப் பிறகும் முறையிட்டபடி இருந்தார்கள்.

இயந்திரங்கள் வந்தன என்பது மறுக்க முடியாதது. ஆனால், மிகவும் தேவைப்பட்ட நாள்களில் அவை ஆற்றில் இல்லை.

கால்வாயில் பிடித்திருந்தால்

எண்ணெய்க் கசிவில் இடமும் நேரமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஆலை வாயிலில் அது சில மீட்டர் அகலக் கால்வாயில் ஓடும். அங்கே பிடித்தால் ஒரு சிறு குழு சமாளித்துவிடும். ஆற்றுக்கு வந்தால் நூறு பேர் வேண்டும். கழிமுகத்துக்கு வந்தால் ஏற்றவற்றம் ஒரு நாளைக்கு இருமுறை அதை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும்; அலையாத்தி வேர்களுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் பரப்பிவிடும். கடலுக்குப் போய்விட்டால் ஹெலிகாப்டரும் கப்பலும் வேண்டும்.

அதோடு எண்ணெய் நின்ற இடத்தில் அப்படியே இருப்பதில்லை. அலையில் அடிபட்டுத் தண்ணீரை உறிஞ்சி, குழம்புபோல் கெட்டியாகி, மூன்று நான்கு மடங்கு பெருத்துவிடும். வண்டல் மண்ணோடு ஒட்டினால் கனத்து ஆற்றின் அடியில் இறங்கும். மேலே பார்த்தால் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று தோன்றும்; கீழே நண்டும் இறாலும் முட்டையிடும் சேறு எண்ணெயில் ஊறிக் கிடக்கும்.

ஓடும் நீரில் எண்ணெயைத் தடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. மிதவைத் தடுப்பு என்பது நீரில் மிதக்கும் நீண்ட குழல். அதன் அடியில் பாவாடைபோல் ஒரு திரை தொங்கும். அதை ஆற்றுக்குக் குறுக்கே நேராகக் கட்டினால் போதும் என்று நினைப்போம். ஓட்டம் நொடிக்குச் சுமார் 35 சென்டிமீட்டரைத் தாண்டினால் எண்ணெய் திரைக்கு அடியில் நழுவி அந்தப் பக்கம் போய்விடும். வெள்ளக்கால ஆறு அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடும். ஆகவே தடுப்பைச் சாய்வாக, கரையை நோக்கிக் கட்ட வேண்டும். எண்ணெய் தடுப்பை ஒட்டியே வழுக்கிக்கொண்டு ஓட்டம் குறைந்த கரையோர மடுவுக்கு வந்து சேரும். அங்கே உறிஞ்சியை வைத்து எடுக்கலாம். எந்த வளைவில் ஓட்டம் மந்தம், எந்த மூலையில் குப்பை வந்து ஒதுங்கும் என்பது ஆற்றில் பிறந்து வளர்ந்த மீனவருக்கு மனப்பாடம். எண்ணெயும் அங்கேதான் ஒதுங்கும். இந்த அறிவை வரைபடமாக்கி வைத்துக்கொள்ளாத எந்தத் திட்டமும் அரைகுறைத் திட்டமே.

சிறு கால்வாய்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. மணல் மூட்டைகளை அடுக்கிக் குறுக்கணை போட வேண்டும்; அதற்குள் சில பெரிய குழாய்களைச் சாய்வாகப் புதைக்க வேண்டும். குழாயின் வாய் மேல்பக்கத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே ஆழத்தில் இருக்கும். அடியிலுள்ள தண்ணீர் குழாய் வழியாகப் போய்விடும்; மேலே மிதக்கும் எண்ணெய் அணைக்குப் பின்னால் தங்கிவிடும். பொதுப்பணித் துறைக்கோ ஊராட்சிக்கோ தெரியாத பொருள் எதுவும் இதில் இல்லை. மணல் மூட்டை, குழாய், ஒரு பொக்லைன், முன்கூட்டியே குறித்து வைத்த இடம் போதும். பெருவெள்ளம் கரை புரளும்போது இது நிற்காது என்பது உண்மை. ஆனால், வெள்ளம் வடியும் நாள்களிலும், மழையே இல்லாத காலத்துக் கசிவிலும் இதைப்போல் பயன்படுவது வேறில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2010 ஜூலை 25 அன்று என்பிரிட்ஜ் நிறுவனத்தின் குழாய் உடைந்து சுமார் 32 லட்சம் லிட்டர் எண்ணெய் கலமசூ ஆற்றில் கலந்தது. அங்கேயும் மழையால் ஆறு பெருகி ஓடிய சமயம். எச்சரிக்கை மணி அடித்தும் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் அதைக் கசிவென்று புரிந்துகொள்ளவில்லை. குழாயில் மீண்டும் மீண்டும் எண்ணெயை ஏற்றினார்கள். கசிவு என்று உணர 17 மணி நேரம் ஆனது. முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் மூலத்துக்கு அருகே சிற்றோடையை அடைக்காமல், வெகுதூரம் கீழே போய்த் தடுப்பு கட்டினார்கள் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் குறை சொன்னது. கனமான எண்ணெய் ஆற்றடியில் படிந்துவிட, தூர்வாரிச் சுத்தம் செய்து முடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின. செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது. பணமும் கருவியும் நிறைந்த நாட்டில்கூட முதல் நாள் தவறியதற்கு விலை அதுதான்.

தொடாமல் விடவும் தெரிய வேண்டும்

எல்லாக் கரைக்கும் ஒரே மருந்து கிடையாது. மணற்கரையில் எண்ணெய் படிந்த மேல் அடுக்கை மண்வெட்டியால் சுரண்டி எடுக்கலாம். பாறையிலும் அலைதடுப்புக் கற்களிலும் படிந்தால் கல் இடுக்கெல்லாம் புகுந்து மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். எண்ணெய் பட்டால் மிக அதிகம் சேதமடைவது அலையாத்திக் காடு. மீள அதிக காலம் எடுப்பதும் அதுதான். உலகெங்கும் பயன்படுத்தும் கரை உணர்திறன் வரிசையில் அலையாத்திக்கும் உவர் சதுப்புக்கும் கடைசிப் படி, அதாவது உச்ச எச்சரிக்கை. உப்பத்திச் செடியின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே விரல்போல நீட்டிக்கொண்டு நிற்கும். எண்ணெய் அவற்றைப் பூசிவிட்டால் மரம் மூச்சு முட்டிச் சாகும்.

ஆனால், சுத்தம் செய்கிறோம் என்று ஆள்களையும் இயந்திரத்தையும் சதுப்புக்குள் இறக்கினால் எண்ணெய் மிதிபட்டு வேர்வரை இறங்கும். 1978-ல் பிரான்சின் பிரிட்டனிக் கரையில் அமோகோ காடிஸ் கப்பல் உடைந்தபோது, சதுப்பு நிலத்தை இயந்திரம் வைத்துச் சுரண்டிய இடங்கள், தொடாமல் விட்ட இடங்களைவிடத் தாமதமாகவே மீண்டன. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கசிவுக்குப் பிறகு சுடுநீரைப் பீய்ச்சிப் பாறைகளைக் கழுவினார்கள். எண்ணெயில் தப்பிய சிப்பிகளும் பாசிகளும் சுடுநீரில் மடிந்தன. அலையாத்திக்குள் செய்யத்தக்கது படகிலிருந்தபடி மெல்லிய அழுத்தத்தில் நீர் விட்டு எண்ணெயை வெளியே மிதக்கவைப்பது, வாயிலில் உறிஞ்சு தாள் விரித்துப் பிடிப்பது, அவ்வளவுதான். எண்ணெயைத் துளியாக உடைக்கும் ரசாயனத்தை ஆழ்கடலில் தெளிப்பார்கள். அதை ஆற்றிலும் ஆழம் குறைந்த கழிமுகத்திலும் தெளித்தால் எண்ணெய் கண்ணுக்கு மறையும், நீருக்குள் கலந்து மீன்குஞ்சுகளைத் தாக்கும்.

பறவைகளுக்கும் இதே விதி. எண்ணூரில் கூழைக்கடாக்கள் எண்ணெய் தோய்ந்து பழுப்பேறித் திரிந்தன. வனத்துறை மீட்புக் குழுக்களை இறக்கியது. எண்ணெய் பட்ட இறகு நீரையும் குளிரையும் தடுக்காது. அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகும். அப்படி ஒரு பறவை கிடைத்தால் உடனே குழாயடியில் பிடித்துக் கழுவக் கூடாது. காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் மூடி வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கழுவுவது பயிற்சி பெற்றவர் வேலை.

எண்ணூருக்கு இது முதல் முறையல்ல

2017 ஜனவரி 28 அதிகாலை, காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்று துறைமுகம் முதலில் அறிவித்தது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையின் கற்களில் ஃபர்னஸ் ஆயில் தார்போல வந்து அப்பியபோது உண்மை வெளியே வந்தது. பெருநகரக் குடிநீர் வாரியத்தின் உறிஞ்சு லாரிகளால் அந்தக் கெட்டிக் குழம்பை இழுக்க முடியவில்லை. மாணவர்களும் தன்னார்வலர்களும் மீனவர்களும் ஆயிரக்கணக்கில் திரண்டு, வாளியை வரிசையில் கைமாற்றி அள்ளினார்கள். சிற்றாமைகள் செத்து ஒதுங்கின. வாளி அன்று ஒரு தேசிய அவமானமாகப் பேசப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து 2023-ல் அதே எண்ணூரில் அதே வாளி.

அந்த ஆண்டு மார்ச்சிலேயே இன்னொரு எச்சரிக்கை வந்திருந்தது. நாகூர் பட்டினச்சேரிக் கரையில் சிபிசிஎல் குழாய் கசிந்து கடலில் எண்ணெய் பரவியது. அந்த மீனவ ஊர்கள் கடலுக்குப் போகாமல் போராடி, குழாயையே அகற்ற வேண்டும் என்று நின்றன. டிசம்பர் கசிவின் சூடு ஆறும் முன்பே, டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து தெருவில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அனல் மின்நிலையச் சாம்பல், ரசாயன ஆலை, துறைமுகம், எண்ணெய் என எல்லாவற்றின் சுமையையும் கொசஸ்தலையின் கடைசிச் சில கிலோமீட்டரே தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் இழப்பு எந்தக் கணக்கிலும் எளிதில் ஏறுவதில்லை.

ஆறு யாருடைய பொறுப்பு?

இந்தியாவில் எண்ணெய்க் கசிவுக்கென்று ஒரு தேசியப் பேரிடர்த் திட்டம் 1996 முதல் இருக்கிறது. 700 டன் வரையிலான கசிவு முதல் நிலை, 10,000 டன் வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை என்று அது வகுக்கிறது. கடலில் பொறுப்பு கடலோரக் காவல்படைக்கு. துறைமுக எல்லைக்குள் துறைமுகத்துக்கு. கரையைச் சுத்தம் செய்வது மாநில அரசுக்கு. கடலை நினைத்து எழுதிய திட்டம் அது. ஆலையிலிருந்து வடிகாலுக்கும், வடிகாலிலிருந்து ஆற்றுக்கும் இறங்கும் எண்ணெயை முதல் மணி நேரத்தில் தடுக்க யார் ஓடிவர வேண்டும் என்பதில்தான் எண்ணூர் தடுமாறியது. ஆலை கசிவில்லை என்றது. காவல்படையின் கப்பல் கடலில் நின்றது. மாநிலத்தின் நெருக்கடிக் குழு கூடி, ஆலையைப் பணித்து, தனியார் நிறுவனங்கள் வெளி மாநிலத்திலிருந்து வந்து சேர்வதற்குள் எண்ணெய் முகத்துவாரத்தைத் தாண்டிவிட்டது.

இங்கே ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். எண்ணெயை வைத்திருப்பவரே முதலில் வர வேண்டும். 1986-ல் டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான பொருளைக் கையாளும் தொழிற்சாலை விபத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும், சாக்குகளுக்கு இடமில்லை என்றது. பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் குறித்த வேலூர் வழக்கில் 1996-ல் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக்கியது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்திலும் அதே கொள்கை எழுதப்பட்டிருக்கிறது. சட்டம் நம்மிடம் குறைவில்லை. வாயிலில் தடுப்புக் கிடங்கும், இரவு இரண்டு மணிக்கும் இறங்கக்கூடிய பயிற்சி பெற்ற ஆள்களும்தான் குறைவு.

பணக்கணக்கையும் பார்த்துவிடலாம். மாநில அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுற்றுச்சூழல் இழப்பீடாக 70 கோடிக்கும் மேல் நிறுவனத்திடம் கேட்டது. எண்ணெய் ஊறிய ஒரு நைலான் வலை திரும்ப உதவாது. படகின் இன்ஜின், வலை, பல வார வருமானம், "எண்ணூர் மீனா?" என்று கேட்டுச் சந்தையில் முகம் திருப்பிய வாடிக்கையாளர், இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் ஒரு குடும்பத்துக்கு 12,500, படகு இருந்தால் இன்னொரு 10,000. உடனடி நிவாரணம் என்ற அளவில் அதை ஏற்கலாம். இழப்பீடு என்று அதைச் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் வேறொரு வகைக் கசிவு நடந்தது. மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் மண்ணில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளை எட்டியது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத யாழ்ப்பாணத்தில் கிணறுதான் உயிர்நாடி. மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் இரண்டு கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அங்கேயும் தொடக்கத்தில் மறுப்புதான் வந்தது. மறுப்பை உடைத்தவை நீர் மாதிரிகள். ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனி ரசாயனக் கைரேகை உண்டு. கசிவைக் கண்டவர் முதல் நாளிலேயே ஒரு கண்ணாடிப் புட்டியில், பிளாஸ்டிக் வேண்டாம், எண்ணெயைப் பிடித்து, நேரமும் இடமும் தெரியப் படம் எடுத்து, வருவாய்த் துறை அலுவலர் முன்னிலையில் ஒப்படைத்தால், பின்னாளில் ஆய்வகம் அது எந்தத் தொட்டியின் எண்ணெய் என்று சொல்லிவிடும்.

மரக்காணம் தயாரா?

வடகிழக்குப் பருவக் காலத்தில், அக்டோபர் முதல் ஜனவரி வரை, நம் கரையோரக் கடல் நீரோட்டம் தெற்கு நோக்கிப் போகிறது. 2017-ல் எண்ணூர் எண்ணெய் மெரினாவைத் தாண்டி அன்றைய காஞ்சிபுரம் மாவட்டக் கரை வரை இறங்கியது இதனால்தான். அதற்கு அடுத்த கரை விழுப்புரம் மாவட்டத்துக்குரியது. அங்கே மரக்காணம் உப்பளங்கள் இருக்கின்றன. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கழுவெளி 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. கழுவெளி உப்புக்கழி ஓடை, எடையன்திட்டு கழிமுகம் வழியே கடலோடு சேர்கிறது. கடல் உள்ளே வரும் அந்தக் குறுகிய வாயே பறவைக்கும் இறாலுக்கும் உப்புக்கும் வாசல். எண்ணெய் வந்தாலும் அவ்வழியேதான் வரும். நல்ல செய்தியும் அதிலேயே இருக்கிறது: வாசல் குறுகியது என்பதால், முன்தயாரிப்பு இருந்தால் அதைச் சீக்கிரமே தடுப்பு கட்டி அடைத்துவிட முடியும்.

கடலிலிருந்து மட்டும் ஆபத்து வரும் என்றும் எண்ண வேண்டாம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம், விழுப்புரம் வழியாக இரவு பகலாக டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. சாலையை ஒட்டி ஏரிகள், ஓடைகள், சங்கராபரணியின் பாலங்கள். ஒரு டேங்கர் ஏரிக்கரையில் கவிழ்ந்தால் நெல்லும் கிணறும் ஒருசேரக் கெடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரளவு மழை கொட்டியதும், அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரைகளை மூழ்கடித்ததும் இந்த மாவட்டம் மறக்கக்கூடியதல்ல. வெள்ளம் புகுந்த ஊர்களில் பட்டறைகள் உண்டு, பெட்ரோல் பங்குகள் உண்டு, டீசல் பேரல்கள் உண்டு. மணலியில் பெரிய அளவில் நடந்தது இங்கே சிறிய அளவில் நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. பட்டறைகள் பழைய இன்ஜின் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதை நிறுத்தி, வாரிய அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் கொடுப்பது இன்றே தொடங்க வேண்டிய வேலை.

விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் வரும் பருவமழைக்கு முன் செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எடையன்திட்டு வாயில் குறுக்காகப் போதுமான நீளத்துக்கு மிதவைத் தடுப்பும் உறிஞ்சு தாள்களும் மரக்காணத்தில் ஒரு கிடங்கில் இருக்கட்டும். அதைக் கட்டும் பயிற்சியை அங்குள்ள மீனவ இளைஞர்களுக்குக் கொடுத்து, ஒத்திகைக்கும் கசிவு நாளுக்கும் முறையான கூலியும் காப்பீடும் தரட்டும். கையுறையும் முகக்கவசமும் பூட்ஸும் அதே கிடங்கில் அளவு பார்த்து அடுக்கி வைக்கட்டும். அள்ளிய கழிவை எங்கே பாதுகாப்பாக வைப்பது, கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையத்துக்கு எப்படி அனுப்புவது என்பது தாளில் எழுதியிருக்கட்டும். இதற்கான செலவை இந்தக் கரை வழியே எண்ணெய் கொண்டுசெல்லும் நிறுவனங்களிடம் கேட்டு வாங்குவது அரசின் கடமை. மரக்காணம் வட்டாரக் கிராம சபைகள் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி ஆட்சியருக்கு அனுப்பலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அதுவரை ஆற்றிலோ ஏரியிலோ எண்ணெயைக் கண்டால் இறங்காதீர்கள், நெருப்பை அண்டவிடாதீர்கள், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நின்று மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐ அழையுங்கள். கடலில் கண்டால் கடலோரக் காவல்படையின் எண் 1554.